நோட்டில் நிற்கும் பாக்கி

கேள்வி: ஐயா, ஊரில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பாதிப் பேர் நோட்டுக் கணக்குதான். ஒரு குடும்பத்தில் 18,400 ரூபாய் பாக்கி நிற்கிறது. இரண்டரை வருடம் ஆகப்போகிறது. கேட்டால், "நோட்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்கிறார். உண்மையா? இனி யாருக்கும் கடன் கொடுக்காமல் இருந்துவிடலாமா?
– மளிகைக்கடைக்காரர், தென்காசி மாவட்டம்

பதில்: செல்லும். ஆனால் நோட்டு மட்டும் போதாது. வியாபாரத்தில் ஒழுங்காக எழுதி வரும் கணக்கைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் 28-ஆம் பிரிவாக அதுவே இருக்கிறது. கல்லாப்பெட்டியில் கிடக்கும் துண்டுச்சீட்டுகளுக்கு இந்த மதிப்புகூடக் கிடையாது. தனித்தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகாது என்று ஜெயின் ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது.

உங்களுக்கு இப்போது பெரிய கவலை காலக்கெடுதான். விற்ற சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட, சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம். தவணை பேசிக் கொடுத்திருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. பாக்கி மொத்தத்துக்கும் ஒரே தேதி என்று நினைத்துவிடாதீர்கள். "து.பருப்பு 1, ந.எண்ணெய் ½, சோப்பு 2" என்று நீங்கள் எழுதிய ஒவ்வொரு நாள் பற்றுக்கும் தனித்தனிக் கெடு ஓடுகிறது, பழைய வரிதான் முதலில் போகும். இன்றே நோட்டைப் புரட்டி, தீராத முதல் பற்றின் தேதியைப் பாருங்கள்.

கெடு முடிவதற்குள் அவர், "இந்தத் தேதி வரை பாக்கி 18,400" என்ற வரிக்குக் கீழே தேதியுடன் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். ஐந்நூறு ரூபாய் வரவு வைத்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த வரவு வரியிலும் அவர் கையெழுத்து வேண்டும். நீங்களே எழுதிக்கொண்ட வரவு உதவாது. கெடு தாண்டிய பிறகு போடும் வெறும் கையெழுத்தாலும் பயனில்லை. அப்போது, தந்துவிடுகிறேன் என்று அவரே புதிதாக எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போட மறுத்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம்; அங்கே ஒப்புக்கொண்டு எழுதியது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது போய் நிற்காதீர்கள். பேச்சு முறிந்தால் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட அவகாசம் வேண்டும்.

கடனை நிறுத்த வேண்டாம். உங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் எத்தனை! கூலி கைக்கு வரும்வரை அந்த அடுப்பை எரிய வைப்பது உங்கள் நோட்டு. பெரிய சூப்பர் மார்க்கெட் அந்த அம்மாவுக்குக் கால் கிலோ உளுந்து கடன் தராது. அவர் உங்களிடமே வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோட்டு இரண்டாக இருக்கட்டும்: ஒன்று அவர்கள் வீட்டில், ஒன்று கடையில். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டி, கடை நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பழைய பாக்கியில் பாதியாவது வராமல் அடுத்த அரிசி மூட்டையைப் பற்றில் ஏற்றாதீர்கள்.