சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்

கேள்வி: மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பில் போட 14 கம்ப்யூட்டர்கள், பின்னால் ஒரு சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சில மாதங்களாகப் பதினொன்றரை மணி வாக்கில் ஒவ்வொரு திரையாக உறைந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ‘சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி’ என்று பிழைச்செய்தி வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை. சாஃப்ட்வேர் செய்து தந்தவர் இணைப்பு எண்ணிக்கையை 100-லிருந்து 1,000 ஆக்கச் சொல்கிறார். ஆக்கலாமா? மாத விற்பனை அறிக்கை முன்பு சில விநாடியில் வரும், இப்போது நாலு நிமிடம் ஆகிறது. பில் நேரத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறது; மாதத்தையும் வருடத்தையும் ‘எக்ஸ்ட்ராக்ட்’ போட்டுப் பிரித்துக் கேட்கிறோம். இந்த மாதம் விற்காத மருந்துகளைக் கேட்டால் பட்டியல் காலியாக வருகிறது. விற்காத சரக்கோ அலமாரியில் என் கண்ணெதிரே இருக்கிறது. பில் எண் நடுநடுவே விட்டுப் போவதாக ஆடிட்டர் சொல்கிறார். டிஸ்க்கும் நிறைந்துகொண்டே வருகிறது. பி.ஜி_வால் என்ற ஃபோல்டரில் நிறைய ஃபைல்கள் இருக்கின்றன, அவற்றை அழித்துவிடலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அதில்தான். பி.ஜி_வால் ஃபோல்டரில் ஒரு ஃபைலைக்கூடக் கையால் அழிக்காதீர்கள். எந்த மாற்றத்தையும் டேபிளில் எழுதுவதற்கு முன்னால் டேட்டாபேஸ் அங்கேதான் எழுதி வைக்கிறது. கரண்ட் போய் வந்தால் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் தன்னை நேர் செய்துகொள்ளும். அந்த ஃபோல்டருக்கு முன்பு பி.ஜி_எக்ஸ்லாக் என்று பெயர். ‘லாக்’ என்றிருப்பதைப் பார்த்து, பழைய பதிவுதானே என்று அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. அதனால் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். அது அளவு மீறிப் பெருகினால் காரணம் வேறெங்கோ இருக்கும். அந்த ஃபைல்களை வேறிடத்துக்குப் பிரதி எடுக்கும் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கலாம். அல்லது எப்போதோ வைத்திருந்த இரண்டாவது சர்வருக்கான ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ நீக்கப்படாமல் கிடக்கலாம். இந்த இரண்டையும் பார்த்துச் சரிசெய்தால் வேண்டாத ஃபைல்களை டேட்டாபேஸ் தானே அகற்றிக்கொள்ளும்.

இனி திரை உறைவதற்கு வருவோம். உங்கள் பிழைச்செய்தியே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. 100 இணைப்புகளில் 3 நிர்வாகிக்கென்று ஒதுக்கப்பட்டவை. பில் போடும் சாஃப்ட்வேர் சாதாரணப் பயனராக நுழைந்திருந்தால் 97-ல் நின்றிருக்கும், ‘மீதி இடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை’ என்ற பொருளில் வேறொரு செய்தி வந்திருக்கும். உங்களுக்கு வந்த செய்தியைப் பார்த்தால் நூறும் போய்விட்டது. ஆக, உங்கள் சாஃப்ட்வேர் பெரும்பாலும் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற நிர்வாகிப் பெயரிலேயே உள்ளே வருகிறது. இதனால்தான் சிக்கல் வரும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட உங்களுக்கு இடம் கிடைப்பதில்லை, ரீஸ்டார்ட்டை விட்டால் வேறு வழியும் தெரிவதில்லை. சாஃப்ட்வேருக்கென்று அதிகாரம் குறைந்த தனிப் பயனர் ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை, தினமும் காலையில் சர்வரில் ஒரு பி-எஸ்க்யூஎல் சாளரத்தைத் திறந்து அப்படியே விட்டு வையுங்கள். நூறும் நிறைந்தாலும் அந்த ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

14 கம்ப்யூட்டர்கள் எப்படி 100 இணைப்புகளைத் தின்கின்றன? சில வருடங்களுக்கு முன் உங்கள் கடையைப் போன்ற ஓர் இடத்தில் இதே நேரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பி.ஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவைத் திறந்தால், அந்த நொடியில் டேட்டாபேஸோடு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு வரி வரும். அறுபதுக்கு மேல் வரிகள் இருந்தன, ஏறக்குறைய எல்லாம் பூட்டுக்காகக் காத்திருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதன் நிலை ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’. டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரம் 11.08, அப்போது மணி 11.47. பக்கத்திலேயே எந்தக் கம்ப்யூட்டர் என்ற முகவரி. அதைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். மூன்றாவது கவுண்டரில் பில் திருத்தும் திரை திறந்திருந்தது, நாற்காலி காலி. அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு மாத்திரையின் பேட்ச் எண்ணைச் சரிபார்க்கக் குடோனுக்குப் போயிருந்தார். அட்டையைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தினார். கடை முழுக்கத் திரைகள் நகர ஆரம்பித்தன.

அவர் செய்த தவறு எதுவும் இல்லை. திரை திறந்தவுடன் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, அந்த மருந்தின் இருப்பு வரியைப் பூட்டி, மனிதர் சேமிக்கும்வரை பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி எழுதப்பட்ட நிரலில்தான் தவறு. அதே மருந்தை விற்க வந்த அடுத்த கவுண்டர் காத்திருக்கும். திரை நகரவில்லையே என்று அங்கிருப்பவர் சாஃப்ட்வேரை மூடி மறுபடி திறப்பார். ஆள் போனது சர்வருக்குத் தெரியாது. பூட்டுக்காக நிற்கும் பழைய இணைப்பு அப்படியே நிற்கும், புதிய இணைப்பு அதன் பின்னால் போய் நிற்கும். ஒருவர் நாலு முறை மூடித் திறந்தால் நாலு இணைப்பு கூடுதல். 14 கம்ப்யூட்டர்கள் நூறைத் தொட அரை மணி நேரம் போதும்.

அதனால் 1,000 வேண்டாம். பூட்டு திறக்காதவரை எத்தனை இடம் கொடுத்தாலும் வரிசைதான் நீளும். ஒவ்வோர் இணைப்புக்கும் போஸ்ட்கிரெஸ் தனி புராசஸ் ஒன்றை ஓட்டுகிறது, ஆயிரம் புராசஸ்களை உங்கள் சர்வரின் மெமரி தாங்காது.

அடுத்த முறை உறைந்தால் அந்த வியூவிலிருந்து புராசஸ் எண், கம்ப்யூட்டர் முகவரி, நிலை, டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரம், கடைசிக் குவெரி ஆகியவற்றைக் கேளுங்கள். கூடவே பி.ஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரால் யார் தடைபட்டிருக்கிறார்கள் என்பதை அது எண்ணாகச் சொல்லும், 9.6 முதல் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. அந்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து போனால், மற்றவர்களைத் தடுத்துக்கொண்டு தான் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காதவரே மூலம். அந்த வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், ரீஸ்டார்ட் செய்துவிட்டால் இந்தச் சாட்சி அத்தனையும் போய்விடும். பிறகு அந்த ஒரு புராசஸை மட்டும் பி.ஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொடுத்து வெளியேற்றுங்கள். பி.ஜி_கேன்சல்_பேக்எண்ட் இங்கே உதவாது, அது ஓடும் குவெரியை நிறுத்துவதற்கானது, இவரோ எதையும் ஓட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இயங்குதளத்தின் வழியாக ‘கில் -9’ கொடுக்கவே கூடாது. ஒரு புராசஸ் அப்படிச் செத்தால், பொது மெமரி கெட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுத் தன்னை மீட்கத் தொடங்கும்.

நிரலை மாற்றும்வரை தாக்குப்பிடிக்க ‘ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்’ என்ற அமைப்பை 5 நிமிடமாக வையுங்கள். இயல்பாக அது 0, அதாவது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். நிரலில் செய்ய வேண்டியது இது: வரியைப் படித்துத் திரையில் காட்டியதும் டிரான்ஸாக்‌ஷனை முடித்துவிட வேண்டும். சேமிக்கும்போது, நடுவில் வேறு யாராவது அந்த வரியை மாற்றியிருக்கிறார்களா என்று பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

டிஸ்க் நிறைவதற்கும் இதே ஆள் காரணமாக இருக்கலாம். போஸ்ட்கிரெஸில் ஒரு வரியை மாற்றினால் பழைய வரி உடனே அழிவதில்லை, புதிய பிரதி ஒன்று எழுதப்படும். பழையதை ஆட்டோவேக்யூம் பின்னால் வந்து கூட்டும். இயல்பு அமைப்பில், டேபிளின் 20 சதவீதத்தோடு 50 வரிகளைச் சேர்த்து அந்த அளவுக்கு மேல் இறந்த வரிகள் சேர்ந்தால்தான் அது கிளம்பும். பத்து லட்சம் வரிகள் என்றால் 2,00,050. அப்படிக் கிளம்பினாலும், திறந்து கிடக்கும் பழைய டிரான்ஸாக்‌ஷன் ஒன்று இருந்தால் அதற்குப் பின் இறந்த வரிகளைத் தொட முடியாது, அவை அந்த டிரான்ஸாக்‌ஷனுக்குத் தேவைப்படலாம். சனிக்கிழமை மாலை திரையை மூடாமல் யாராவது வீட்டுக்குப் போனால் திங்கள்வரை குப்பை சேரும். உங்கள் இருப்பு டேபிள் நாள் முழுக்க மாறுவது, ஆகவே முதலில் வீங்குவதும் அதுதான். பி.ஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் வியூவில் எந்த டேபிளில் எவ்வளவு இறந்த வரிகள் என்று வரும். பூட்டுச் சிக்கலைத் தீர்த்த பிறகு, கடை விடுமுறை நாளில் அந்த டேபிளுக்கு ஒரு முறை ‘வேக்யூம் ஃபுல்’ கொடுங்கள். அது ஓடும்போது அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. டேபிளையே புதிதாக எழுதுவதால் அந்தப் பிரதிக்கு டிஸ்க்கில் இடமும் வேண்டும். இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிக்கை மெதுவாக வருவதற்கு உங்கள் குவெரியே காரணம். இண்டெக்ஸ் பில் நேரத்தின் மீது இருக்கிறது, நீங்கள் கேட்பதோ ‘நேரத்திலிருந்து பிரித்தெடுத்த மாதம் 4-ஆ’ என்று. நேர வரிசைப்படி அடுக்கிய இண்டெக்ஸில் அந்தக் கேள்விக்கு நேரடி விடை கிடையாது. அதனால் டேபிளின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, மாதத்தைப் பிரித்து, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. டேபிள் சிறிதாக இருந்தபோது இது உறைக்கவில்லை. நேரத்தை அப்படியே விட்டு எல்லையைக் கொடுங்கள்: 2025 ஏப்ரல் 1-க்குச் சமம் அல்லது மேல், மே 1-க்குக் கீழ். ‘பிட்வீன்’ போட்டு ஏப்ரல் 1 முதல் 30 வரை என்று எழுதாதீர்கள். 30 என்பதை அன்றைய நள்ளிரவு 12 மணி என்றே டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும், கடைசி நாளின் விற்பனை மொத்தமும் அறிக்கையில் விடுபடும். மாற்றிய பின் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ கொடுத்துப் பாருங்கள். ‘சீக் ஸ்கேன்’ போய் ‘இண்டெக்ஸ் ஸ்கேன்’ அல்லது ‘பிட்மேப்’ வந்திருக்க வேண்டும். அந்தக் கட்டளை குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘டெலீட்’டுக்கு முன்னால் அதைப் போட்டால் வரிகள் உண்மையிலேயே போய்விடும்.

காலிப் பட்டியல் பலரைக் கலங்க வைத்த விஷயம். ‘விற்ற மருந்துகளின் குறியீட்டில் இது இல்லை’ என்று ‘நாட் இன்’ போட்டுக் கேட்டிருப்பீர்கள். பில் வரிகளில் எங்கோ ஒன்றில் மருந்துக் குறியீடு ‘நல்’ ஆக இருக்கிறது. பேக்கிங் கூலிக்காகப் போட்ட வரியாக இருக்கலாம். எஸ்க்யூஎல்லில் ‘நல்’ என்றால் வெற்றிடம் அல்ல, ‘தெரியாது’ என்று பொருள். ஒரு மருந்தை எடுத்து, தெரியாத அந்தக் குறியீடும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டால் விடை ‘தெரியாது’. வேறுதானா என்று கேட்டாலும் ‘தெரியாது’தான். ‘தெரியாது’ வந்த வரியை டேட்டாபேஸ் பட்டியலில் சேர்க்காது, விற்காத எல்லா மருந்துக்கும் இதே விடை வருவதால் மொத்தமும் காலி. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ வைத்து எழுதினால் அலமாரியில் இருக்கும் சரக்கு பட்டியலிலும் வரும்.

பில் எண்ணுக்கு ‘சீக்வென்ஸ்’ பயன்படுத்துகிறீர்கள். அது தனித்துவத்துக்கு மட்டுமே உத்தரவாதம். சேமிக்கும்போது ஏதோ தடங்கலில் டிரான்ஸாக்‌ஷன் ரத்தானாலும் எடுத்த எண் திரும்பி வராது. கரண்ட் போய் சர்வர் திடீரென்று நின்றால் 32 எண்கள்வரை தாவவும் கூடும். ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில்லில் 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண் வேண்டும், எனவே ஆடிட்டர் கேட்பது நியாயம். கடைசி பில் எண்ணை மட்டும் வைத்திருக்கும் ஒரு வரி டேபிள் போட்டு, பில்லைச் சேமிக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனின் கடைசிப் படியாக அதில் ஒன்றைக் கூட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பில் ரத்தானால் எண்ணும் ரத்தாகும். அந்த ஒரு வரிக்காக எல்லாக் கவுண்டரும் வரிசையில் வரும், அதனால்தான் கடைசிப் படி என்றேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டா ஃபோல்டரை ஒரு பொறியாளர் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பி.ஜி_டம்ப் பேக்கப்பைத் தேடினால், டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் கருவி 9.2 பதிப்பு. அது ஓடாமலே தோற்றுக்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அவர்களே எழுதினார்கள், அதற்காக அவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி எடுத்து வைப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் கடையிலும் அப்படித்தான் என்றால், அதை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மீட்கும்போது எழுந்து வராமல் போகலாம். ‘வேக்யூம் ஃபுல்’ கொடுக்கும் விடுமுறை நாளுக்கு முந்தின இரவு பி.ஜி_டம்ப் எடுங்கள். காலையில் அதை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டு, பில் டேபிளைத் திறந்து, நேற்றுக் கடை அடைக்கும்போது போட்ட கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலையைத் தொடங்குங்கள்.