மலைநாட்டுக் குலங்களும் அவர்கள் நிலமும்



ஸ்காட்லாந்தின் வடக்கும் மேற்கும் பெரும்பாலும் மலை. ஹைலண்ட்ஸ் என்று அந்த மலைநாட்டுக்குப் பெயர். அதன் மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்கை, லூயிஸ், மல், ஐலா எனத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. விளைநிலம் குறைவு, மழையும் காற்றும் அதிகம். அங்கே வாழ்ந்தவர்கள் கேலிக் மொழி பேசினார்கள். தெற்கே சமவெளியில் இருந்தவர்களின் பேச்சு வேறு, சட்டம் வேறு, வாழ்க்கையும் வேறு. எடின்பரோவில் ஆண்ட அரசனின் கை இந்தப் பள்ளத்தாக்குகள் வரை நீண்டது அரிது. காவல், வழக்குத் தீர்ப்பு, பஞ்சகாலத்தில் தானியம் என ஓர் அரசு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் இங்கே குலத் தலைவரே செய்தார். மலைநாட்டுக் குல அமைப்பு இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது.

குலத்தின் பெயர் பெரும்பாலும் ஒரு முன்னோரின் பெயர். ‘மெக்’ என்ற முன்னொட்டு இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும். மெக்டொனால்டு குலத்தார் தங்கள் வழியை டொனால்டு என்பவரிடமும், அவருடைய பாட்டனாரான சோமர்லெட்டிடமும் கொண்டு சேர்க்கிறார்கள். சோமர்லெட் மேற்குத் தீவுகளை ஆண்டு, 1164-இல் போரில் மடிந்தவர். ஆனால் ஒரே பெயர் கொண்ட எல்லோரும் ஒரே இரத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்புத் தேடி வந்த சிறு குடும்பங்கள் தலைவரின் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டன. ஃபிரேசர் குலத்தில், பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு கிடைத்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வேறு பெயரை வைத்துக்கொண்டே பெரிய குலத்தின் நிழலில் வாழ்ந்த குடும்பங்களும் உண்டு.

குலங்களின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது தீவுகளின் பிரபுக்கள் ஆண்ட காலம்தான். மெக்டொனால்டு தலைவர்கள் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் ஏறக்குறைய தனி அரசர்களாகவே இருந்தார்கள். ஐலா தீவில் ஃபின்லகன் என்ற சிறு ஏரி. அதற்குள் இருந்த தீவுத்திட்டில் அவர்களுடைய சபை கூடியது. 1493-இல் நான்காம் ஜேம்ஸ் அரசர் அந்தப் பட்டத்தைப் பறித்தார். அதன்பின் மேற்குக் கரைக்கு ஒரே தலைமை இல்லாமல் போக, குலச் சண்டைகள் பெருகின.

குலத்தின் உள்ளமைப்பில் தலைவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள் அவருடைய பங்காளிகள். அவர்கள் தலைவரிடம் பெரிய நிலப்பரப்பைக் குத்தகைக்கு எடுத்து, உழுபவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். போர் வந்தால் அவர்களே படைத் தளபதிகள். மக்கள் ஓட்ஸும் பார்லியும் விளைவித்தாலும் உண்மையான செல்வம் கறுப்பு மாடுதான். இலையுதிர்காலத்தில் மந்தைகளைத் தெற்கே கிரீஃப், ஃபால்கர்க் சந்தைகளுக்கு ஓட்டிப்போய் விற்றுத்தான் குத்தகைப் பணத்தைக் கட்டினார்கள். அடுத்த குலத்தின் ஆநிரையைக் கவர்ந்து வருவது இளைஞர்களின் வீரத்துக்குச் சோதனையாக மதிக்கப்பட்டது. தலைவரின் மகனை வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பதும் வழக்கம். வளர்ப்புச் சகோதரன் உடன்பிறந்தவனைவிட நெருங்கியவனாகப் போர்க்களத்தில் பக்கத்தில் நிற்பான்.

கலையும் கல்வியும் பரம்பரைக் குடும்பங்களின் பொறுப்பில் இருந்தன. மெக்மூரிக் குடும்பத்தார் மெக்டொனால்டுகளின் அவைப் புலவர்கள். பீட்டன் குடும்பத்தார் மருத்துவர்கள். லத்தீன் மருத்துவ நூல்களைக் கேலிக் மொழியில் பெயர்த்து ஏட்டில் வைத்திருந்தார்கள். ஸ்கை தீவில் மெக்லவுட் தலைவர்களுக்குப் பேக்பைப் வாசித்தவர்கள் மெக்கிரிம்மன் குடும்பத்தார். போரெரெய்க் என்ற ஊரில் அவர்கள் நடத்திய இசைப்பள்ளிக்கு மற்றக் குலத்தாரும் தங்கள் வாத்தியக்காரர்களை அனுப்பினார்கள். அங்கே ஏட்டில் எழுதிய இசைக்குறிப்பு கிடையாது. ஆசிரியர் ஒவ்வொரு சுரத்தையும் அலங்காரத்தையும் சொற்கட்டாக வாயால் பாடிக் காட்ட, மாணவன் அதைக் கேட்டுப் பாடமாக்கிக் கருவியில் கொண்டுவர வேண்டும். நீண்ட இரங்கற்பாக்களும் வரவேற்பு இசைகளும் இந்த முறையில்தான் தலைமுறை தாண்டின.

குல வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ள ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மக்கள் நினைப்பில் நிலம் குலத்துக்குச் சொந்தம். தலைவர் அதன் காவலர். தலைமுறை தலைமுறையாக ஒரு பள்ளத்தாக்கில் வாழ்ந்து, தலைவருக்காக வாளெடுத்தவனுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை தானாகவே உண்டு. அரசின் சட்டத்திலோ நிலம் பட்டயத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே சொந்தம். பட்டயம் தலைவர் கையில் இருந்தது. தலைவர் மக்களோடு வாழ்ந்து, மக்களின் வாள்பலத்தை நம்பியிருந்த வரை இரண்டு உரிமைகளும் மோதவில்லை. பிற்காலத் துயரங்கள் பெரும்பாலும் இந்தப் பிளவிலிருந்தே வந்தன.

அரசு குலங்களை ஒடுக்கிய முறைகள் கொடுமையானவை. 1603-இல் கிளென் ஃப்ரூயின் என்ற இடத்தில் மெக்கிரகர்கள் கொகூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குத் தண்டனையாக ஆறாம் ஜேம்ஸ் அரசர் மெக்கிரகர் என்ற பெயரையே தடைசெய்தார். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வது மரண தண்டனைக்குரிய குற்றம். இடையில் சில காலம் தளர்ந்து மீண்டும் வந்த அந்தத் தடை 1774-இல்தான் முற்றிலும் நீங்கியது. புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரகர், தாயின் குலப் பெயரான கேம்பெல் என்பதைப் போட்டுக்கொண்டு வாழ நேர்ந்தது இதனால்தான். 1609-இல் வந்த அயோனா விதிகள் வேறொரு வழியில் வேலை செய்தன. வசதியுள்ள குடும்பங்களின் மூத்த பிள்ளைகள் சமவெளிக்குப் போய் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாளால் முடியாததைப் பள்ளிக்கூடம் மெல்லச் செய்தது. தலைவர்களின் வாரிசுகளுக்கு எடின்பரோவும் லண்டனும் சொந்த ஊராகத் தொடங்கின.

கிளென்கோ படுகொலை தனியே சொல்லவேண்டிய ஒன்று. புதிய அரசர் வில்லியத்துக்கு 1692 ஜனவரி 1-க்குள் எல்லாத் தலைவர்களும் விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது. கிளென்கோவில் இருந்த சிறு மெக்டொனால்டு கிளையின் தலைவர் மெக்கியன், வயதானவர். கடைசி நேரத்தில் வில்லியம் கோட்டைக்குப் போனார். அங்கிருந்த அதிகாரிக்குப் பிரமாணம் ஏற்கும் அதிகாரம் இல்லை. பனியில் இன்வரேரி வரை நடந்து, ஜனவரி 6-இல்தான் அவரால் பிரமாணம் செய்ய முடிந்தது. அரசின் செயலாளர் ஜான் டால்ரிம்பிள் இந்தத் தாமதத்தையே காரணமாக்கினார். பிப்ரவரி தொடக்கத்தில் ராபர்ட் கேம்பெல் என்ற கேப்டனின் தலைமையில் சுமார் 120 சிப்பாய்கள் பள்ளத்தாக்குக்கு வந்து வீடுகளில் தங்கினார்கள். கிளென்கோ மக்கள் அவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். மாலையில் சேர்ந்து சீட்டாடினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, எழுபது வயதுக்கு உட்பட்ட அனைவரையும் கொல்லும்படி ஆணை வந்தது. பிப்ரவரி 13 விடியலுக்கு முன் கொலை தொடங்கியது. மெக்கியன் படுக்கையிலிருந்து எழும்போதே சுடப்பட்டார். 38 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கு. மலைக்கு ஓடியவர்களில் பலர் பனிப்புயலில் இறந்தார்கள். இதைக் கேம்பெல்–மெக்டொனால்டு குலப்பகை என்று இன்றும் எழுதுகிறார்கள். அது தவறு. வந்தது அரசின் படை, ஆணையிட்டது அரசு. நம்பிக்கை கொடுத்துச் செய்யும் கொலையை ஸ்காட்லாந்துச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருந்தது. 1695-இல் விசாரணை நடந்தது, டால்ரிம்பிள் பதவி விலகினார்; தண்டிக்கப்பட்டவர் எவரும் இல்லை.

1688-இல் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகப் பல குலங்கள் மீண்டும் மீண்டும் எழுந்தன. கடைசி எழுச்சி 1745-இல். இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஆகஸ்ட் 19 அன்று கிளென்ஃபினனில் கொடியேற்றினார். அவருடைய படை டிசம்பரில் இங்கிலாந்தின் டார்பி நகர் வரை போய்த் திரும்பியது. 1746 ஏப்ரல் 16, கலோடன் மேட்டில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஸ்டூவர்ட் பக்கம் சுமார் 1,500 பேர் மாண்டார்கள் அல்லது காயம்பட்டார்கள். எல்லாக் குலங்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. கேம்பெல்கள் அரசோடு நின்றார்கள், சில குடும்பங்களில் தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம். தப்பி ஓடிய இளவரசரின் தலைக்கு அரசு 30,000 பவுன் விலை வைத்தது. அவர் ஐந்து மாதம் மலையிலும் தீவுகளிலும் ஒளிந்திருந்தார். வறுமையில் கிடந்த அந்த மக்களில் ஒருவர்கூட அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்து வந்த சட்டங்கள் ஆயுதத்தைப் பறித்தன. தலைவர்களின் நீதி அதிகாரத்தை ஒழித்தன. ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணிவதைத் தடுத்தன. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழாண்டு நாடுகடத்தல். உடைத் தடை 1782 வரை நீடித்தது. ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. இதனால் மலைநாட்டு ரெஜிமெண்டுகளே அந்த உடைக்குப் புகலிடமாயின. அவற்றில் ஒன்று சென்னைக்கும் வந்தது. கலோடனுக்கு முன் ஸ்டூவர்ட் பக்கம் நின்று, பிடிபட்டு மன்னிப்புப் பெற்றவர் மெக்லவுட் பிரபு. அவர் திரட்டிய படை 1780-இல் சென்னையில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்தபோது, அந்த மலைநாட்டு வீரர்களில் ஒரு பகுதியும் அழிந்தது. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்த காலின் மெக்கன்சியும் இதே அலையில் சென்னைக்கு வந்தவர். தென்னாட்டுப் பாளையக்காரர்களின் வம்சாவளிகளையும் ஊர்க் கைபீதுகளையும் அவர் தொகுத்த சுவடிகள் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன.

குலங்களைக் கலோடன் அழித்தது என்பது பாதி உண்மைதான். தலைவர்கள் நிலக்கிழார்களாக மாறியது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1737-இலேயே ஆர்கைல் கோமகன் மல், டைரீ தீவுகளில் நிலத்தை அதிக வாரம் தருபவருக்கு விடச் செய்தார், உறவு பார்க்கவில்லை. லண்டன் வாழ்க்கைக்குப் பணம் வேண்டும், ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை. மனிதர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகள் செவியட் ஆடுகளுக்குத் திறந்துவிடப்பட்டன. 1792-இல் ராஸ் பகுதி மக்கள் ஆடுகளைத் திரட்டி வெளியே ஓட்டிப்போனார்கள். படை வந்து அடக்கியது. சதர்லாண்டு சீமாட்டியின் எஸ்டேட்டில் 1814-இல் ஸ்ட்ராத்னேவர் மக்கள் வெளியேற்றப்பட்டு, வீட்டுக் கூரைகள் கொளுத்தப்பட்டன. அந்த வேலையை நடத்திய பேட்ரிக் செல்லர்மீது வழக்கு வந்தது. 1816-இல் இன்வர்னஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளியேறியவர்கள் கடற்கரைத் துண்டு நிலங்களுக்கும், நோவா ஸ்கோஷியா, வட கரோலினா, ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்களுக்குச் சட்டம் துணை நிற்கவில்லை, ஏனென்றால் பட்டயத்தில் அவர்கள் பெயர் இல்லை.

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம்போட்ட டார்ட்டன் துணி என்ற ஏற்பாடு பழையதன்று. கலோடன் காலத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் நெசவும் சாயமும் மாறினவே தவிர, குலத்துக்கென நிலையான கட்டம் இருந்ததற்குச் சான்று இல்லை. பேனக்பர்ன் ஊரின் வில்சன் நெசவு நிறுவனம் தன் துணிகளுக்குக் குலப் பெயர்களைச் சூட்டி விற்றது. 1815-இல் லண்டனின் ஹைலண்ட் சங்கம் தலைவர்களிடம் அவரவர் டார்ட்டனைக் கேட்டபோது, பலருக்குத் தங்களுடையது எது என்றே தெரியவில்லை. 1822-இல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை வகுத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அரசரே கில்ட் அணிந்தார். அதன்பின் டார்ட்டன் தேசிய உடையாயிற்று. ஓவியர் ரேபர்ன் தீட்டிய கிளென்கேரி தலைவர் மெக்டொனெல்லின் ஓவியம் எடின்பரோவில் இருக்கிறது. முழு மலைநாட்டு உடையில், கையில் துப்பாக்கியுடன், சுவரில் கேடயமும் வாளும் தொங்கக் கம்பீரமாக நிற்கிறார். தம் குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றியவரும் அவரே. அந்த ஓவியத்தைப் பார்க்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

இன்று குலத் தலைவர் பட்டத்தை ஏற்பவர் எடின்பரோவில் உள்ள லயன் பிரபு நீதிமன்றத்தின் அங்கீகாரம் பெறுகிறார். தலைவரின் சின்னத்தைக் குலத்தார் வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்து அணியலாம். அது தலைவருக்குரியது, அணிபவருக்குச் சொந்தமாகாது. கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேர்தேடி ஆண்டுதோறும் வருகிறார்கள். பெயரை வைத்து மட்டும் குலம் தேடுவது வழிதவறச் செய்யும். முன்னோர் எந்தத் திருச்சபை வட்டத்தில் வாழ்ந்தார் என்று பதிவேடுகளில் பார்ப்பதே சரியான தொடக்கம். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு அரசுப் பதிவு 1855-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபை ஏடுகள் உண்டு.

நிலம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. ஸ்கை தீவில் மக்கள் திரண்டு எழுந்தபின், 1886-இல் சிறுகுடியானவர்களுக்குக் குடியிருப்பு உரிமை சட்டப்படி கிடைத்தது. 2000-இல் மெக்லவுட் தலைவர், கோட்டைக் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதற்காக ஸ்கை தீவின் குயிலின் மலைத்தொடரை ஒரு கோடிப் பவுனுக்கு விற்பனைக்கு வைத்தார். மலை எப்படி ஒருவர் சொத்தாகும் என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது, விற்பனையும் நடக்கவில்லை. அதற்கு முன்பே, 1993-இல் அசின்ட் பகுதிக் குடியானவர்களும் 1997-இல் ஐக் தீவு மக்களும் தாங்கள் வாழ்ந்த நிலத்தைப் பணம் திரட்டி வாங்கியிருந்தார்கள். 2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்படி, மலைநாட்டுச் சிறுகுடியானவர் சமூகம் ஒன்று தன் நிலத்தை, உரிமையாளர் விற்க விரும்பாவிட்டாலும், வாங்கிக்கொள்ளலாம்.