மான் அதிகம் வாய் வைக்காத மரம், செடி: தோட்டம் போடற தங்கச்சிக்கு அக்கா டிப்ஸ்

அம்மணி, மருதமலை அடிவாரத்துலயோ, தடாகம், ஆனைகட்டி, காரமடை, சிறுமுகை பக்கமோ இடம் வாங்கித் தோட்டம் போடறியா? நர்சரிக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. மான் தொடவே தொடாத செடின்னு எதுவும் கிடையாது. சித்திரை, வைகாசியில காட்டுல புல்லு காஞ்சு குட்டையும் வத்திப் போனா, மத்த நாள்ல மோந்து பாத்துட்டுப் போன செடியையும் அது கடிக்கும். அதுக்குப் பிடிக்காததைக் காட்டோரமா வெச்சு, பிடிச்சதை வீட்டை ஒட்டி உள்ளே வெக்கறதுதான் நம்ம கையில இருக்குது. என்ன மரம்னு தேர்ந்தெடுக்கற அதே கவனம் எங்க வெக்கறோம்கறதுலயும் வேணும்.

இது மலையோரத்துக்காரங்க பிரச்சனை மட்டும்னு நினைக்காத. குருடிமலையில பொறந்து வஞ்சிபாளையத்துப் பக்கம் நொய்யல்ல சேர்ற கௌசிகா நதி ஓரத்துல, அவிநாசி புதுப்பாளையம் பக்கமெல்லாம் புள்ளிமான் கூட்டம் இருக்குது. சுத்தியும் ஊரும் விவசாயமுமா இருக்கற இடம் அது.

முதல்ல கடிச்சது மான்தானான்னு பாரு. மானுக்கு மேல்தாடையில முன்பல்லு கிடையாது. அதனால கிளையை நறுக்காது, இழுத்துக் கிழிக்கும். கடிவாய் நார் நாரா இருக்கும். கத்தியில வெட்டின மாதிரி சாய்வா, தரையை ஒட்டி இருந்தா அது முயல். நாத்தை வேரோட கொத்திப் போட்டிருந்தா மயிலா இருக்கும். வெள்ளாடும் மான் மாதிரியேதான் கிழிக்கும், அதனால பக்கத்துத் தோட்டத்துப் பட்டி தொறந்திருந்துச்சான்னும் விசாரிச்சுக்கோ. பட்டை உரிஞ்சு தண்டு வழவழன்னு தேஞ்சிருந்தா, கிடா மான் கொம்பைத் தேய்ச்சிருக்குதுன்னு அர்த்தம். இதை நிறையப் பேரு மறந்துடறாங்க. தேக்கு இலையை மான் அவ்வளவா தின்னாது; ஆனா இளந்தேக்குத் தண்டுல கொம்பைத் தேய்ச்சே கன்னை முடிச்சிரும். இலை பிடிக்காத மரமா இருந்தாலும் தண்டுக்குக் காவல் வேணும்.

செடி தேர்ந்தெடுக்க நான் பாக்கறது இலையைத்தான். கசக்கி மோந்தா காரமான வாசனை வருதா, சொரசொரப்பா இருக்குதா, கசக்குமா, முள்ளு இருக்குதா. பால் வந்தாப் போதும்னு சில பேரு சொல்லுவாங்க, அது முழுசா சரியில்ல. ஆல், அத்தி, மல்பெரி எல்லாத்துலயும் பால் இருக்குது, மான் விட்டு வெக்கறதில்ல. இன்னொரு நல்ல வழி, உங்க பக்கம் வெள்ளாடு மேய்க்கறவங்களைக் கேக்கறது. வெள்ளாடு ஒதுக்கற தழையை மான் பெரும்பாலும் தேடி வராது.

இந்தக் கணக்குல முதல் வரிசைக்கு வர்றது நொச்சி, ஆடாதோடை, ஆவாரை, விராலி. நாலுமே நம்ம மண்ணுச் செடி, வறட்சி தாங்கும். ஆவாரையை வெச்சா பொங்கல் காப்புக் கட்டறதுக்குப் பூவும் வீட்டுலயே கிடைக்கும். நொச்சியையும் ஆடாதோடையையும் குச்சி வெட்டி ஊனினாலே தழைஞ்சிரும், காசே வேண்டாம். காட்டுப் பக்கத்து எல்லையில இதுங்களை ரெண்டு வரிசையா, நெருக்கமா வெச்சுட்டா மானுக்கு உள்ளே இருக்கறது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் அவ்வளவா எட்டாது.

அடுத்தது சீத்தாப்பழம். பழம் நமக்கு, அந்தத் தழையோட நெடி ஆட்டுக்கே ஆகாது. கறிவேப்பிலையும் அப்படித்தான், காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்துல தோட்டந்தோட்டமா நிக்கறதைப் பாத்திருப்ப. எலுமிச்சை முள்ளும் வாசனையுமா ஓரளவு தாக்குப் பிடிக்கும், கொழுந்து விடற சமயத்துல மட்டும் பாத்துக்கோ. நிழல் மரத்துக்கு ஏழிலைப்பாலை, புங்கன், சரக்கொன்றை. பூச்செடியில நந்தியாவட்டை, ஈழத்தலரி, காகிதப்பூ. தரையில துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், மஞ்சள். மஞ்சள் தழையை மான் அவ்வளவா தின்னாது, ஆனா காட்டுப்பன்னி கிழங்கைத் தோண்டும், அதையும் மனசுல வெச்சுக்கோ.

அரளியைப் பத்தித் தனியாச் சொல்லணும். மான் பெரும்பாலும் தொடாது, உண்மை. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காகவே காடு காடாப் பயிர் பண்றாங்க. ஆனா இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். காஞ்ச இலையிலயும் விஷம் போகாது. மஞ்சள் அரளிக் கொட்டை அதைவிட மோசம், காட்டாமணக்குக் கொட்டையும் ஆபத்துதான். சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்டுலயும், மாடு ஆடு கட்டற இடத்துலயும் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வெட்டின கிளையை ஆடு மேயற வழியில போடாத.

உண்ணிச்செடியையும் வெச்சுடாத. கலர் கலராப் பூக்குது, மான் தின்னாதுன்னு நர்சரியில ஆசை காட்டுவாங்க. மான் தின்னாததும் ஒரு காரணமாத்தான் அது சத்தியமங்கலம், முதுமலைக் காடெல்லாம் பரவிக் கிடக்குது. அது மூடின இடத்துல புல்லு முளைக்காது. புல்லு இல்லாத காட்டுல இருந்து மான் நம்ம சோளக்காட்டுக்குத்தான் வரும். சீமைக்கருவேலும் வேண்டாம், அதோட காயை மான் தின்னு, விதையைப் போற இடமெல்லாம் போட்டுட்டு வரும்.

மானுக்கு ரொம்பப் பிடிச்சதையும் தெரிஞ்சுக்கோ: செம்பருத்தி, ரோஜா, அகத்தி, முருங்கை, மல்பெரி, சூபாபுல், மாங்கன்னு, நிலக்கடலை, தட்டப்பயறு. சந்தனம் வெக்கற ஆசை இப்ப நிறையப் பேருக்கு இருக்குது. சந்தனக் கன்னை மான், முயல், ஆடு மூணும் மேயும். காவல் இல்லாம வெச்சா காசு வீண். நெல்லியும் புளியும் வேற மாதிரி. மரத்தைவிட உதிர்ற பழம்தான் கூட்டத்தைக் கூப்பிடும், அதனால வீட்டு வாசல்லயும் காய்கறிப் பாத்தி பக்கத்துலயும் அதுங்களை வெக்காத.

வேலியில எனக்குப் பிடிச்சது கிளுவைதான். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு நம்ம பெரியவங்க கிளுவைப் போத்து நட்டு, நெருக்கிக் கட்டி வளத்தாங்க. முள்ளும் கிளையும் பின்னிக்கிட்டு நிக்கும், தண்ணி ஊத்த வேண்டியதில்ல, பல வருஷம் இருக்கும். இதுல ஒரு நுணுக்கம் இருக்குது. புள்ளிமானால ஒண்ணரை மீட்டர் வரைக்கும் தாண்ட முடியும், ஆனா தாண்டறதைவிட அடியில பூந்து வரத்தான் அது பாக்கும். கம்பி வேலி போட்டாலும் சரி, கிளுவை நட்டாலும் சரி, கீழ் ரெண்டடியை இடைவெளி இல்லாம அடைச்சிரு. நிறைய வேலி தோத்துப் போறது அங்கதான்.

கரண்ட் கம்பியை நேரா வேலியில விடறது குற்றம். அதுல யானையும் செத்திருக்குது, மனுஷங்களும் செத்திருக்காங்க. சோலார் வேலி போடறதா இருந்தாலும் 2023-ல வந்த தமிழ்நாட்டு விதிப்படி வனத்துறைகிட்ட பதிவு பண்ணணும். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துல மானைப் பிடிக்கறதும் கொல்றதும் ஜெயிலுக்குப் போற வேலை. பயிர் சேதமாச்சுன்னா போட்டோ எடுத்துக்கிட்டு வனச்சரக அலுவலகத்துல எழுதிக் குடு, நிவாரணத்துக்கு வழி இருக்குது.

நம்ம புள்ளிமானை 1868-ல ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டு போய் விட்டாங்க. அங்க அதை அடிச்சுத் தின்ன புலியும் இல்ல, செந்நாயும் இல்ல. தோட்டத்தோட தீவோட சொந்தச் செடிகளையும் சேத்து மேஞ்சு, இன்னிக்கு வரைக்கும் பெரிய தலைவலியா இருக்குது. நம்ம ஊர்ல அதைக் கட்டுல வெக்கற மிருகம் இன்னும் காட்டுல இருக்குது. அதனால மானைக் காட்டுலயே இருக்க விடு; அதுக்கு வீட்டுப் பக்கம் தண்ணித் தொட்டி வெக்கறது, காய்கறித் தோலு போடறதெல்லாம் செய்யாத. அது வந்து பழகினா, பின்னாலயே சிறுத்தையும் தெருநாயும் வரும். தனியா ஒரு மான்குட்டி படுத்திருந்தாலும் தூக்கிட்டு வராத; தாய் பக்கத்துலதான் மேஞ்சுக்கிட்டு இருக்கும்.

கன்னு வாங்கறதா இருந்தா வேளாண் பல்கலைக்கழகத்துலயும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலயும், வனத்துறை நாற்றங்கால்லயும் விசாரி. இடுப்பு உயரமாவது இருக்கற கன்னா எடு. ஆவணியிலயே குழி எடுத்து ஆறப்போடு; புரட்டாசிக் கடைசியில நட்டா ஐப்பசி மழை வேரைப் பிடிச்சுக் குடுத்துரும். ஒவ்வொரு கன்னையும் சுத்தி வேலமுள்ளை வெச்சுக் கட்டு. கிடா மான் பின்னங்கால்ல எழுந்து நின்னு மேயும். அதனால கொழுந்து அதோட வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போகற வரைக்கும், குறைஞ்சது ரெண்டு கோடைக்கு, அந்த முள்ளை எடுத்துடாத அம்மணி.