விறகின் நீளத்தை அடுப்பு சொல்லட்டும்

வீட்டுக்கு வீடு எரிவாயு வந்த பிறகும் கொச்சியின் மட்டாஞ்சேரியில் விறகு விடைபெறவில்லை. பெரிய செம்பில் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். வாங்கும்போது எடையைப் பார்க்கிறோம், மரத்தைப் பார்க்கிறோம். நீளத்தை மட்டும் அறுக்கிறவர் கைக்கே விட்டுவிடுகிறோம். அடுப்பு சீராக எரிவதும், மழைக்கு முன் விறகு காய்வதும், சந்து வீட்டின் சிறிய இடத்தில் அது சரியாமல் நிற்பதும் பெரிதும் அந்த நீளத்தைப் பொறுத்தவை. ஆகவே முதலில் அளக்க வேண்டியது மரத்தை அல்ல, அடுப்பை.

அடுப்பு வாயிலிருந்து பின்சுவர் வரை அளந்து, அதில் மூன்று விரற்கடை கழியுங்கள். மிஞ்சுவதே விறகின் உச்ச நீளம். 1980களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய புகையில்லா அடுப்பு போன்றவற்றில் இது இன்னும் முக்கியம். கட்டை வாய்க்கு வெளியே நீண்டால் தீ அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் வரும். குழாய் வழியே போகவேண்டிய புகை சமையலறைக்குள் திரும்பும். கட்டை ஈரமாகவும் இருந்தால் வெளிமுனையில் நீர் நுரைத்துக் கொதிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சமைக்கவேண்டிய சூடு அங்கே தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, அந்த நீளத்துக்கு ஒரு மூங்கில் கம்பை நறுக்கிக்கொள்ளுங்கள். கேரளத் தச்சர்களின் கோல் 24 விரல், அதாவது 72 செ.மீ.; அதில் பாதியான 36 செ.மீ. உங்கள் அடுப்புக்கும் ஒத்துவந்தால் நினைவில் வைக்க எளிது. டேப் இருக்கக் கம்பு எதற்கு என்று கேட்கலாம். டேப்பில் ஒவ்வொரு முறையும் எண்ணைப் படிக்க வேண்டும். தவறு அங்கேதான் நுழைகிறது. கம்பில் படிக்க எதுவும் இல்லை. கம்பை மாற்றி மாற்றி வைக்கும்போது சிறு பிழைகள் சேருமே என்றால், சேரும்தான். ஆனால் விறகுக்கு வேண்டியது மொத்த நீளத்தின் துல்லியம் அல்ல, துண்டுக்குத் துண்டு ஒப்புமை.

டேப்புக்கு வேலை ஒரே ஒரு முறை, முழு மரத்தை அளக்க. 300 செ.மீ. மரத்தில் 36 செ.மீ. வீதம் போட்டால் எட்டுத் துண்டும் 12 செ.மீ. மொட்டையும் வரும். அதையே ஒன்பதாகப் பங்கிட்டால், அறுப்பில் தூளாகப் போவது நீங்கி, துண்டுக்கு ஏறக்குறைய 33 செ.மீ.; மொட்டை இல்லை, எதுவும் அடுப்பை மீறவும் இல்லை. கம்பிலேயே 33 செ.மீ. அருகே ஒரு கீறல் போட்டுக்கொண்டால் போதும். ஈரப் பட்டையில் சாக்பீஸ் நிற்காது. அரிவாளால் சிறு வெட்டுக்குறி போடுங்கள். மரம் வளைந்திருந்தால் குறியைச் சற்றுத் தள்ளி வளைவிலேயே வையுங்கள். இரு பக்கமும் நேரான துண்டு கிடைக்கும், அடுக்கவும் எளிது.

அறுக்கும்போது மரத்தின் கீழ் குறுக்குக் கட்டைகள் கொடுங்கள்; மண்ணில் உரசினால் ரம்பத்தின் பல் மழுங்கும். எல்லாக் குறியிலும் முக்கால் பங்கு அறுத்துவிட்டு, மரத்தைப் புரட்டி மிச்சத்தை முடிப்பது நல்லது. கைப்பிடிக்கு அடங்காத துண்டுகளை உடனே பிளந்துவிடுங்கள், பட்டை ஈரத்தை விடாது.

பழகிய கைக்குக் கண்ணளவே போதும் என்பார்கள். ஒருவரே அறுத்து, ஒரே அடுப்பில் எரித்தால் போதும்தான். ஆள் மாறினால் அளவும் மாறும். எடைக்கு விற்கும் பொருளுக்கு நீளம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. தராசு மரத்தோடு தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறது. மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகம் வழியேதான் வேகமாக வெளியேறும். குட்டையான துண்டு சீக்கிரம் காயும். எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கே ஏராளமாக விளையும் ரப்பர் மரம் ஈரத்தில் விரைவாகப் பூசணமும் வண்டும் பிடிக்கிற ஜாதி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிற கொச்சியில் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் விறகைக் காயவைக்க நம்பகமான காலம். அதற்குள் தரையிலிருந்து உயர்த்தி, வெட்டுமுகம் காற்றைப் பார்க்க அடுக்குங்கள். இரு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

விறகுக் கடையில் அறுத்து வாங்குகிறவர்கள் வாயால் அளவு சொல்ல வேண்டாம். கம்பையே கொடுத்தனுப்புங்கள், வந்த விறகில் நாலைந்தை அதே கம்போடு வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.