ஏழு நாள் லீவு, எந்தத் தீவு?

செலாயாங்கில் ஒரு குடும்பம் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது லேசான காரியமில்லை. அப்பாவுக்கு லீவு கிடைத்தால் அம்மாவுக்குக் கிடைக்காது. பாசார் போரோங்கில் கடை வைத்திருப்பவருக்கோ அந்தப் பேச்சே கிடையாது. அப்படி அரிதாக அமையும் வாரத்துக்குத் தீவு தேடும்போது எல்லோரும் முதலில் ரிசோர்ட் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். நாள்காட்டியைப் புரட்டினால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. தென்சீனக் கடல் கொந்தளிக்கிற காலம். கிழக்குக் கரையில் இருக்கும் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் மூன்றிலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான சாலேக்களைப் பூட்டிவிடுவார்கள். படகும் குறைந்துவிடும், சில நாள் ஓடவே ஓடாது. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் விழுகிறது. அதாவது, பிள்ளைகளுக்கு அதிக நாள் கிடைக்கும் நேரத்தில் நாட்டின் தெளிவான கடல்கள் மூடிக்கிடக்கும். டிசம்பரில் ரெடாங்குக்கு மலிவாகப் பேக்கேஜ் என்று யாராவது விளம்பரம் அனுப்பினால், மலிவுக்குக் காரணம் அதுதான்.

மேற்குக் கரையில் கதை வேறு. இந்தப் பக்கம் சுமத்ராவும் அந்தப் பக்கம் நம்முடைய நடுமலைத் தொடரும் மறைத்து நிற்பதால் லங்காவி, பினாங்கு, பங்கோர் மூன்றும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். லங்காவிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல வெயில் காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஆகவே ஆண்டிறுதி என்றால் மேற்கு. மே கடைசியில் வரும் விடுமுறை என்றால், யோசிக்காமல் கிழக்கு. தீபாவளி வாரம்தான் இரண்டுங்கெட்டான்: கிழக்குக் கடல் மூடப்போகிற நேரம், லங்காவியில் மழை. அந்த வாரத்துக்குப் பாலத்தில் காடி ஓட்டியே போய்ச் சேரக்கூடிய பினாங்கு போதும்.

அடுத்தது, யார் யார் வருகிறார்கள் என்பது. வருகிறவர்களில் யாருக்கு உடம்பு முடியாதோ அவரை வைத்துத்தான் தீவைப் பார்க்க வேண்டும். கோலா பெசுட்டிலிருந்து பெர்ஹெந்தியான் போகும் விரைவுப் படகு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அலை கொஞ்சம் எழும்பினால் படகின் முன்பகுதி தூக்கித் தூக்கித் தண்ணீரில் அறையும். இடுப்பு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறவே கூடாது. மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தால் அடி குறையும். முன்னால் உட்கார்ந்து காற்று வாங்க ஆசைப்படுவது இளவட்டங்களின் விஷயம். சில கரைகளில் ஜெட்டியும் கிடையாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பாட்டியின் முட்டி அதற்குச் சம்மதிக்குமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏழு நாள் லீவு என்றால் தீவில் ஏழு நாள் என்று கணக்குப் போடாதீர்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் சாலைக்கும் படகுக்கும் போய்விடும். மிச்சம் ஐந்து. அந்த ஐந்து நாளையும் சலிப்பில்லாமல் ஓட்ட எல்லாத் தீவாலும் முடியாது.

லங்காவியால் முடியும். 99 தீவுகள் சேர்ந்த கூட்டம் அது. 1987 முதல் தீர்வையற்ற தீவு, 2007இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா. எல்லாவற்றையும்விட அங்கே வாடகைக் காடி சுலபமாகக் கிடைக்கும், சாலையில் நெரிசலும் குறைவு. குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஒரு நாள் மச்சின்சாங் மலையின் கேபிள் கார். காலையில் முதல் ஆளாகப் போய்விட வேண்டும், நேரம் ஆக ஆக வரிசை வளரும், காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். உச்சியில் 125 மீட்டர் நீளத்துக்கு ஆகாயப் பாலம் வளைந்து நிற்கிறது. ஒரு நாள் கிலிம் சதுப்புநிலக் காட்டுக்குள் படகு. இன்னொரு நாள் டாயாங் பந்திங் தீவின் நன்னீர் ஏரி, பெராஸ் பாசா மணல். கிலிமில் கழுகுக்குக் கோழித்தோல் வீசிக் காட்டட்டுமா என்று படகோட்டி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் தானாக இரை தேடும் பறவையைத் தோல் பொறுக்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மிஞ்சும் நேரத்துக்குச் செனாங் கடற்கரையும், குவாவில் சாக்லெட், பாத்திரக் கடைகளும் இருக்கின்றன. பெண்கள் பாத்திரக் கடைக்குள் போனால் அரை நாள் போச்சு என்று புலம்பும் மாமாக்கள் பக்கத்துக் கடையில் எதைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது ஊரறிந்தது. ஒன்றை மட்டும் அவர்களும் நினைவில் வைக்கட்டும்: 48 மணி நேரமாவது தீவில் தங்கியிருந்தால்தான் தீர்வையில்லாமல் கொண்டுவர முடியும், அதற்கும் அளவு உண்டு.

போகும் வழியில்தான் செலாயாங்காரர்கள் கணக்குத் தவறுகிறார்கள். விமானம் ஒரு மணி நேரம்தான், டிக்கெட்டும் மலிவு என்பார்கள். ஆனால் இங்கிருந்து கேஎல்ஐஏ எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஐந்து பேர், ஆறு பெட்டி என்றால் கிராப் பெரியதாகப் பிடிக்க வேண்டும், பெட்டிக்குத் தனிக்காசு, அங்கே இறங்கியதும் வாடகைக் காடி. சுபாங்கிலிருந்து நேரம் பொருந்தினால் அதைப் பிடியுங்கள், நமக்குப் பாதித் தூரம்கூட இல்லை. இரண்டு பேர் என்றால் விமானம். நான்கைந்து பேர் என்றால் சொந்தக் காடியில் கோலா கெடாவோ கோலா பெர்லிஸோ போய் அங்கே நிறுத்திவிட்டு ஃபெர்ரி ஏறுவது கையைக் கடிக்காது. கோலா பெர்லிஸிலிருந்து கடல் நேரம் குறைவு, ஒன்றேகால் மணி. கோலா கெடாவிலிருந்து ஒன்றே முக்கால். வாந்தி வருகிறவர்கள் இருந்தால் சாலையில் கொஞ்சம் கூடுதலாக ஓட்டிக் கோலா பெர்லிஸுக்கே போய்விடலாம். காடி ஓட்ட ஆளில்லையா, கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈடிஎஸ் ரயில் இருக்கிறது: அலோர் ஸ்டாரில் இறங்கினால் கோலா கெடா பக்கம், ஆராவில் இறங்கினால் கோலா பெர்லிஸ் பக்கம்.

கிழக்கே மூன்று தீவும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. தண்ணீர் எல்லாவற்றிலும் கண்ணாடி. 1994இல் மூன்றையும் சுற்றியுள்ள கடலைக் கடல் பூங்காவாக அறிவித்ததிலிருந்து அங்கே மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் குற்றம். தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாகக் கிளம்பும் சித்தப்பா உங்கள் வீட்டில் இருந்தால் அவரைப் பங்கோருக்கு அனுப்புங்கள்.

ரெடாங் என்றால் பேக்கேஜ். மூன்று பகல் இரண்டு இரவு. படகு, சாப்பாடு, ஸ்நோர்க்கலிங் எல்லாம் அதற்குள். எதையும் தேடி அலைய வேண்டாம் என்பது அதன் சுகம். நான்காம் நாள் அதே பஃபே, அதே மணல். ஒரு வாரத்துக்கு ரெடாங் என்பது வீண் செலவு. போவதென்றால் மூன்று நாள் அங்கே, மிச்சத்தைக் கோலா திரங்கானுவில் கழியுங்கள். பெர்ஹெந்தியான் இளைஞர்களுக்கு; கல்லூரி முடித்த நான்கு நண்பர்கள் ஒரு வாரம் கிடந்துவிட்டு வரலாம். பெர்ஹெந்தியான் தீவுகளில் சின்னதில், கிழக்குப் பார்த்த லாங் பீச்சிலிருந்து மேற்குப் பார்த்த கோரல் பேக்கு ஒரு காட்டுப் பாதை, கால் மணி நேர நடை. சூரியன் உதிப்பதை ஒரு கரையிலும் மறைவதை மறுகரையிலும் பார்க்கலாம். காடி கிடையாது. ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள், வெள்ளியைக் கையில் கொண்டுபோங்கள்.

குடும்பத்தோடு ஒரு வாரம் கிழக்கில் என்றால் நான் சொல்வது தியோமான். மற்ற இரண்டைவிட அளவில் பெரியது. கடலில் ஊறிச் சலித்தால் ஏற மலை இருக்கிறது, குளிக்க அருவி இருக்கிறது, பேசிப் பழகக் கம்பத்து மக்கள் இருக்கிறார்கள். நமக்கு வழியும் அனுகூலம். கோம்பாக் டோல் தாண்டிக் காராக் நெடுஞ்சாலை, கம்பாங்கில் இறங்கி முவாட்ஸாம் ஷா வழியாக ரொம்பின், அங்கிருந்து தஞ்சோங் கெமோக் ஜெட்டி. எல்லோரும் சொல்லும் மெர்சிங்கில் ஆற்றின் வாய் ஆழமில்லாததால் கடல் ஏறும் நேரத்துக்குத் தகுந்தபடிதான் ஃபெர்ரி புறப்படும். இன்று காலை பத்து மணி என்பது நாளை மதியம் இரண்டு ஆகலாம். அட்டவணையைப் பார்க்காமல் விடியற்காலை அடித்துப்பிடித்து ஓட்டிப் போனால் ஜெட்டிப் பெஞ்சில்தான் தூங்க வேண்டும்.

தியோமானில் இறங்குவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஃபெர்ரி தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு கம்பமாக நிற்கும்: கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், கடைசியில் சாலாங். கம்பங்களுக்கு இடையே பெரும்பாலும் சாலை கிடையாது. தெக்கேக்கிலிருந்து மலை தாண்டிக் கிழக்கே ஜுவாராவுக்கு மட்டும் ஒரு செங்குத்தான பாதை. தவறான ஜெட்டியில் இறங்கினால் தனிப்படகு பிடித்து, கேட்ட காசைக் கொடுத்துத்தான் போக வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் கடையும் கிளினிக்கும் இருக்கும் தெக்கேக்கில் தங்குவது நல்லது. ஜுவாராவில் ஆமைகளைப் பாதுகாக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஒரு பொழுது கூட்டிப்போங்கள்.

கையில் காசு குறைவு, பாட்டியும் வருகிறார், கோயிலும் கும்பிட வேண்டும் என்கிறவர்களுக்குப் பங்கோரும் பினாங்கும் சேர்ந்த வாரம். லூமுட் இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். ஃபெர்ரி அரை மணி சொச்சம், அதுவும் கரைக்குள் அடங்கிய கடல், ஆட்டம் குறைவு. 2020 ஜனவரி முதல் பங்கோரும் தீர்வையற்ற தீவு. இளஞ்சிவப்பு வேன்தான் டாக்சி. 1874இல் பேராக்கை ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுபோன ஒப்பந்தத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம், டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டையைக் காட்டலாம். தெலுக் நிப்பாவில் இருவாட்சிகள் தாழப் பறந்துவரும். கடலோரத்தில் பத்திரகாளியம்மன் கோயில். மாசிமகத்துக்குக் கூட்டம் தீவையே நிரப்பிவிடும், ஓய்வு தேடுகிறவர்கள் அந்தத் தேதியைத் தவிர்க்கவும், அம்மனைத் தேடுகிறவர்கள் அதையே பிடிக்கவும். கடல் மட்டும் ரெடாங் மாதிரி இருக்காது, கலங்கல்தான். இரண்டு மூன்று நாளுக்கு மேல் பங்கோர் தாங்காது. லூமுட்டுக்குத் திரும்பினால், அங்கிருந்து காடியில் மூன்று மணி நேரத்துக்குள் பினாங்கு. தண்ணீர்மலையின் 513 படியைப் பாட்டி ஏறாவிட்டாலும் அடிவாரக் கோயில் இருக்கிறது, மாலையில் லிட்டில் இந்தியா, இரவில் நாசி கண்டார். பினாங்கில் கடலில் குளிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இந்தக் காசுக்குப் பாலியே போகலாமே என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். மே முதல் செப்டம்பருக்குள் என்றால் நியாயமான பேச்சு. அங்கே வெயில் காலம், கோயில்களும் கண்ணுக்கு விருந்து. 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டார் தலைக்கு 150,000 ரூப்பியா சுற்றுலா வரி கட்டுகிறார்கள், அதையும் எல்லோர் கடப்பிதழும் ஆறு மாதம் செல்லுமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பாலிக்கும் மழைக்காலம்.

சாப்பாட்டைப் பற்றி ரிசோர்ட்காரர்கள் சொல்லாததைச் சொல்ல வேண்டும். புரட்டாசி விரதமோ, சஷ்டி விரதமோ, வீட்டில் முழுச் சைவமோ இருந்தால் கிழக்குத் தீவுகளில் திண்டாட்டம். சைவம் உண்டு என்பார்கள். கங்கோங் கீரை வரும், பெலாச்சான் மணக்கும். இறைச்சி இல்லை என்றாலே அவர்கள் கணக்கில் சைவம். பதிவு செய்யும்போதே பெலாச்சான், ஈக்கான் பிலிஸ், சோஸ் திராம் மூன்றும் வேண்டாம் என்று மலாயில் எழுதியே அனுப்பிவிடுங்கள். குட்டிச் சோற்றுப் பானை ஒன்றும், ஊறுகாய், பருப்புப்பொடி பாட்டில்களும் பெட்டியில் இருந்தால் நிம்மதி. லங்காவியின் செனாங்கிலும் பினாங்கிலும் இந்தக் கவலை இல்லை.

கோத்தா பாருவிலிருந்து கோம்பாக் வரை வரும் கிழக்குக் கரை ரயில் ஓடத் தொடங்கினால் பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் செலாயாங்குக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். கோம்பாக் நமக்குப் பக்கத்து வீடு. அதுவரை கோலா பெசுட்டுக்குத் தனி ஒருவர் காடி ஓட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். இரவு பஸ்ஸில் போகலாம், அல்லது இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம்.

பதிவு செய்யும் வரிசை முக்கியம். முதலில் படகு நேரம், பிறகு அறை, கடைசியில் விமானமோ பஸ்ஸோ. பலரும் தலைகீழாகச் செய்து, மாலை விமானத்தில் இறங்கி, கடைசிப் படகு போன பிறகு ஜெட்டி ஊரில் இன்னொரு அறைக்குக் காசு கட்டுகிறார்கள். திரும்பும் நாளில் தீவிலிருந்து முதல் படகைப் பிடியுங்கள். அன்றே விமானம் இருந்தால் கட்டாயம். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே வீடு திரும்பிவிடுங்கள். பத்துமலைக்குப் போகும் கூட்டத்தில் செலாயாங்குக்குள் காடி நுழைவதற்குள் தீவுக்குப் போய்வந்த நேரமே ஆகிவிடும். பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டி படகின் அடித்தட்டுக்குப் போன பிறகுதான் அவற்றைக் கேட்பார்கள்.