சென்னைக் கணிப்பொறிக்குத் தொப்பம்பட்டிப் பெட்டி தெரியுமா?

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. சென்னைக் கணிப்பொறி நிறுவனங்களில் வேலை பார்த்துவந்த பலர் சொந்த ஊர்களிலிருந்தே பணியைத் தொடர்ந்தனர். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, மார்ச் 13ஆம் நாளே இதற்கு ஏற்றபடி விதிகளைத் தளர்த்தியிருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த அலுவலக மேசைகள் கிராமத்துக் கூடங்களுக்கு வந்துவிட்டன எனலாம்.

திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டியில் அப்படி ஓர் அக்கா, தம் மடிக்கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் தெரிவது சென்னை அலுவலகக் கணிப்பொறி. தாம் வைத்திருக்கும் பென் டிரைவில் உள்ள கணக்குத் தாளை அவர் திறக்க வேண்டும். பென் டிரைவைச் செருகுகிறார். திரையில் தேடுகிறார். காணோம்! எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி எட்டிப் பார்த்து, "செருகித்தானே இருக்கிறது, ஏன் அக்கா தெரியவில்லை?" என்று கேட்கிறான். நல்ல கேள்வி. இதற்கு விடை காண, முதலில் அந்தத் திரையில் நடப்பது என்ன என்று அறிய வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப் என்னும் தொலைமேசை முறையில், வேலை முழுவதும் தொலைவில் உள்ள கணிப்பொறியிலேயே நடக்கிறது. நம்மிடம் வந்து சேர்வது அதன் திரைப்படம் மட்டுமே. நாம் அழுத்தும் விசைகளும் எலியின் அசைவுகளும் இங்கிருந்து அங்கே செல்கின்றன. எனவே அக்காவின் திரையில் 'சி' டிரைவ் என்று தோன்றுவது சென்னையில் இருக்கும் வட்டு. அதில் ஒரு கோப்பைச் சேமித்தால், அது தொப்பம்பட்டிக்கு வருவதே இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பது கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதாக நாம் எண்ணிவிடுகிறோம். குழப்பம் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

இது பழங்காலத்தில் இல்லாத குழப்பம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் துளையிட்ட அட்டைகளில் கணக்கைப் பதித்து, கட்டாகக் கட்டிக் கணிப்பொறி மையத்தில் கொடுக்க வேண்டும். பின்னர் திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்கள் வந்தன. அந்த முனையத்துக்குச் சொந்தமாக வட்டு எதுவும் கிடையாது. ஆதலால் 'என் வட்டு எங்கே?' என்று யாரும் கேட்கவில்லை. முனையமாக அமரும் கருவியே ஒரு முழுக் கணிப்பொறியாக மாறிய பிறகுதான், ஒருவர் முன்னே இரண்டு 'சி' டிரைவ்கள் வந்து நின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் முனையச் சேவையை 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்போடு வெளியிட்டது. உள்ளூர் வட்டை அங்கே காட்டும் வசதி 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இடம்பெற்றது.

அந்த வசதி எப்படி இயங்குகிறது?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் உள்ள கணக்குப்பிள்ளையிடம் ஒரு விவசாயி தொலைபேசியில் பேசுகிறார் என்று கொள்ளுங்கள். விவசாயியின் ரசீதுகள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கின்றன. கணக்குப்பிள்ளையால் பெட்டியைப் பார்க்க முடியாது. ஆனால் பெட்டியருகே ஒரு பையன் உட்கார்ந்து, "பெட்டியைத் திற, மூன்றாவது ரசீதை எடு, முதல் பத்து வரியைப் படி" என்று அவர் சொல்லச் சொல்லச் செய்தால்? பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்குப்பிள்ளைக்கோ அது தம் மேசைமேல் இருப்பது போலவே பயன்படும்.

அக்காவின் மடிக்கணிப்பொறியில் ஓடும் தொலைமேசை நிரலே இந்தப் பையன். சென்னைக்குச் செல்லும் ஒரே இணைப்புக்குள் பல தனித்தனி வழிகள் உண்டு. ஒன்றில் படம், ஒன்றில் ஒலி, மற்றொன்றில் வட்டுக்கான வேண்டுகோள்கள். 'திற', 'இந்த இடத்திலிருந்து இவ்வளவு படி', 'எழுது', 'மூடு' என்பவையே அந்த வேண்டுகோள்கள். சென்னைத் திரையில் அக்காவின் வட்டு, அவருடைய கணிப்பொறியின் பெயரோடு, விருந்தாளி போலத் தனியாகத் தோன்றும். இணைப்பைத் துண்டித்தால் மறைந்துவிடும்.

பென் டிரைவ் ஏன் தெரியவில்லை என்று இப்போது சொல்லிவிடலாம். பையனை யாரும் உட்கார வைக்கவில்லை! இணைப்பைத் தொடங்கும் முன்பே, தொலைமேசை நிரலில் உள்ளூர் வளங்கள் என்னும் பகுதிக்குச் சென்று, எந்த டிரைவ் அங்கே தெரிய வேண்டும் என்று குறியிட வேண்டும். பிறகு செருகப்படும் டிரைவ்களுக்கெனத் தனிக் குறியும் அங்கே உண்டு. இவ்வளவு செய்தும் தெரியாவிட்டால், அலுவலகத்தார் தம் பக்கத்தில் இவ்வசதியைத் தடை செய்திருக்கக்கூடும். இது இரண்டு சாவிப் பூட்டு. இரு பக்கமும் திறந்தால்தான் வழி.

அடுத்து, வேகம். தொப்பம்பட்டியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், ஒரு வழிப் பயணத்துக்கு 2 மில்லிவினாடி போதும். இழை நேர்கோட்டில் செல்வதில்லை, வழியில் பல கருவிகளும் உள்ளன. ஆகவே ஒரு வேண்டுகோள் போய்த் திரும்ப 30 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். ஆனால் 1,000 சிறு கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வேண்டுகோள்கள், ஒன்று முடிந்தபின் அடுத்தது என்றால்? பெருக்கிப் பாருங்கள்: 150 வினாடி! கோப்புகள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பு உண்டு. அவற்றை ஒரே பொதியாகச் சுருக்கி அனுப்பினால் இது பெருமளவு குறையும்.

பெரிய கோப்புக்குத் தடை வேறு. 100 மெகாபைட் என்பது 800 மெகாபிட். இங்கிருந்து மேலே அனுப்பும் வேகம் வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் 100 வினாடி ஆகும். இணைய நிறுவனங்கள் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் வேகம் பெரும்பாலும் இறங்கு வேகமே. நமக்கு இங்கே வேண்டியதோ ஏறு வேகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அக்கா சென்னைத் திரையில் நின்றபடி, தம் பென் டிரைவில் உள்ள கோப்பை அதே பென் டிரைவின் வேறொரு கோப்புறைக்கு நகல் எடுக்கிறார். மூலமும் நகலும் தொப்பம்பட்டியில், அவர் கைக்கு அருகில்தான். ஆனால் நகல் எடுப்பவர் சென்னையில் இருக்கிறாரே! கோப்பு முழுவதும் சென்னைக்குப் படிக்கப்பட்டு, மறுபடியும் ஊருக்கு எழுதப்படுகிறது. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அது உடனே முடிந்துவிடும்; ஏனெனில் அப்போது செல்வது 'பெயரை மாற்று' என்னும் சிறு கட்டளைதான்.

பையன் எவர் சொன்னாலும் கேட்பான் என்பதில் ஓர் ஆபத்தும் உள்ளது. தொலைக் கணிப்பொறியில் அக்காவின் பெயரால் ஓடும் எந்த நிரலும், அக்கா திறந்துவிட்ட வட்டைப் படிக்கலாம், எழுதலாம். அங்கே நச்சு நிரல் புகுந்திருந்தால் அதற்கும் அதே உரிமைதான். 'சி' டிரைவ் முழுவதையும் திறந்துவிட்டிருந்தாலோ, கணிப்பொறியை அடுத்த முறை திறக்கையில் தானே ஓடும் நிரல்களுக்கான கோப்புறையில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகவும் அதனால் முடியும்.

இது வெறும் கற்பனை அன்று. 2024 அக்டோபரில், 100க்கும் மேற்பட்ட அமைப்புகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோருக்கு மோசடி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அவற்றில் இணைக்கப்பட்டிருந்தது ஒரு சிறு தொலைமேசை அமைப்புக் கோப்பு. அதைத் திறந்தவரின் கணிப்பொறி, மோசக்காரர்களின் கணிப்பொறியோடு தானே இணைந்து, தன் வட்டுகளையும் அங்கே திறந்து காட்டும்படி அது எழுதப்பட்டிருந்தது. நம் கணிப்பொறிக்குள் யாரும் பூட்டை உடைத்து வரவில்லை; பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமே அவர் வீட்டுக்குப் போகிறோம்! பல நிறுவனங்கள் இந்த வசதியை ஏன் அடைத்து வைக்கின்றன என்பது இதனால் விளங்கும். வேலைக்கு இடைஞ்சல் என்று அக்கா முணுமுணுக்கலாம். ஆனால் தடை விதித்தவர் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் எண்ணம்.

வேண்டிய கோப்புகளை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு, அந்த டிரைவுக்கு மட்டும் குறியிடுவது எளிய வழி. லினக்ஸ் கணிப்பொறியில் 'ஃப்ரீஆர்டிபி' என்னும் இலவச நிரல் கொண்டு ஒரே ஒரு கோப்புறையை மட்டும் திறந்துகாட்டலாம்.

இதைப் பள்ளிக் கணிப்பொறி அறையிலேயே, ஆசிரியரின் துணையோடு செய்து பார்க்கலாம். தொலைக் கணிப்பொறியாக இருப்பது விண்டோஸின் 'ஹோம்' வகையாக இருத்தல் கூடாது. 'ப்ரோ' வகை வேண்டும். 100 மெகாபைட் கோப்பு ஒன்றைப் பென் டிரைவின் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு, முதலில் நேராகவும் பின்பு தொலைமேசை வழியாகவும் நகல் எடுத்து, இரண்டு நேரங்களையும் குறியுங்கள். பிறகு அதே அளவை 1,000 சிறு கோப்புகளாகப் பிரித்து, மீண்டும் கடிகாரத்தைப் பாருங்கள்.