ஆடிக் காற்றிலும் பூ எடுக்கலாம்



"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் பழமொழி. ஆயுத பூஜைக்குப் பூ வேண்டுமென்றால் அந்த ஆடி மாதத்தில்தான் செடி நட வேண்டியிருக்கிறது. இந்த இதழ்ப் பாடம் அதைப் பற்றியதுதான்.

சென்ற ஆண்டு குழுக் கடன் வாங்கி செண்டுமல்லி போட்ட ஒரு உறுப்பினரின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். "மேடம், தண்ணி குறையே இல்ல. தெனமும் ஊத்துதோம். ஆனா இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு" என்று கண் கலங்கினார். மண்ணைத் தோண்டிப் பார்த்தோம். ஈரம் இருந்தது. செடியைக் கெடுத்தது காற்று.

காற்று என்ன செய்கிறது?

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடுகிறது. கணவாய் வழியாக நமக்கு வருவது காய்ந்த காற்று. ஈரத் துணியைக் காற்றில் போட்டால் சீக்கிரம் காய்கிறது அல்லவா? இலையிலும் அப்படித்தான். வேர் உறிஞ்சும் தண்ணீரைவிட இலை இழக்கும் தண்ணீர் அதிகமானால் ஓரம் கருகும். மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகுமே தவிர, கருகல் நிற்காது. அதனால் முதலில் காற்றைத் தடுக்க வேண்டும்.

வேலி போடும் முறை

இதில் நாங்களும் ஒரு தவறு செய்தோம். ஒரு தோட்டத்தில் மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டச் சொன்னோம். காற்று அதன் மேலே ஏறி, உள்பக்கம் சுழன்று விழுந்து செடிகளைச் சாய்த்துவிட்டது. அடைத்த சுவர் கூடாது. காற்று கொஞ்சம் நுழைந்து, வேகம் குறைந்து போகிற மாதிரி வேலி வேண்டும்.

மேற்கு வரப்பில் சோளம் அல்லது மக்காச்சோளம் இரண்டு வரிசை வைகாசியிலேயே விதையுங்கள். நாற்று நடும்போது அது வளர்ந்து நிற்கும். அகத்தி வைத்தால் ஆட்டுக்குத் தழையும் ஆச்சு. தவறவிட்டவர்கள் பனையோலைத் தட்டியை இடைவெளி விட்டுக் கட்டலாம்.

வேலி தன் உயரத்தைப் போல சுமார் பத்து மடங்கு தூரம் காக்கும். 5 அடி வேலி என்றால் 50 அடி. 5 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 47 அடிக்குள்தான். ஒரே வேலி போதும்!

எந்தப் பூ?

செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூன்றும் வெயில் தாங்கும். வாடாமல்லி தண்ணீர் குறைந்தாலும் நிற்கும். பறித்த பூவும் சீக்கிரம் வாடாது. சந்தை தூரமாக உள்ளவர்களுக்கு அது நல்லது. பண்டிகைக்கு அதிகம் போவது செண்டுமல்லி. அதனால் அதன் முறையைச் சொல்கிறோம்.

நாளைப் பின்னால் இருந்து எண்ணுங்கள்

நாற்று 30 நாள். நட்டு 60 நாளில் பூ வரத் தொடங்கும். கொஞ்சம் கூடுதல் நாள் சேர்த்து, பூஜைக்கு 100 நாள் முன்பு விதை விழ வேண்டும். அதாவது ஆனியில் நாற்றங்கால், ஆடியில் நடவு. காலண்டரில் பூஜை நாளைப் பார்த்து விதைக்கும் நாளைக் குறித்து வையுங்கள்.

செய்முறை (5 சென்டுக்கு)

1. விதை 30 கிராம். நாற்றங்காலையும் காற்று படாத இடத்தில் போடுங்கள். பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரைக் குறைத்தால் நாற்று திடமாகும்.

2. மக்கிய தொழு உரம் 500 கிலோ இட்டுப் பார் பிடிக்கவும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். செடி மெத்தென்று உயர்ந்து காற்றில் படுத்துவிடும்.

3. மாலை வேளையில் நடவும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 35 செ.மீ. சுமார் 1,200 நாற்று பிடிக்கும். பாரின் கிழக்குச் சரிவில் நட்டால் இளஞ்செடிக்குப் பாரே ஒரு மறைப்பு.

4. நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஆழமாக நனையும்படி பாய்ச்சவும். தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

5. காய்ந்த இலை, கடலைத் தொலி, சோளத்தட்டை எது கிடைத்தாலும் தூரைச் சுற்றிப் பரப்புங்கள். ஈரம் நிற்கும்.

6. நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளி, மண் அணைக்கவும். செடி உயராமல் பக்கக் கிளை விடும், காற்றிலும் சாயாது. "வளர்ற செடியைக் கிள்ளவா?" என்று தயங்க வேண்டாம்.

7. இலையில் வெளுத்த புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. வறண்ட காற்றில் பெருகும். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவும். குறையாவிட்டால் வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

கடன் வாங்கும் முன்

செடி பிழைத்தாலும் விலை பிழைக்க வேண்டுமே! குழுவில் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் ஒரே வாரத்தில் பூ குவியும். மூன்று பேர் மூன்று தேதியில், 10 நாள் இடைவெளியில் நடுங்கள். சங்கரன்கோவில், தோவாளை என்று எந்தச் சந்தையானாலும் நடுவதற்கு முன்பே போய் கமிஷன், வண்டி வாடகை விசாரித்து வாருங்கள்.

பண்டிகை விலையை வைத்துக் கடன் தீர்மானம் எழுதாதீர்கள். சாதாரண நாளின் குறைந்த விலைக்குப் போனாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் கடனைக் குறையுங்கள். முதல் ஆண்டு 5 சென்ட் போதும். நாம் முதலில் சொன்ன உறுப்பினர் ஒரு ஏக்கர் போட்டிருந்தார். பூ வரவில்லை, தவணை மட்டும் மாதாமாதம் வந்தது. இந்த ஆண்டு மேற்கு வரப்பில் சோளம் விதைத்து, 5 சென்டில் மட்டும் நட்டிருக்கிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? எந்த மாதம் அதிகம்?
* வேலிக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?
* யார் எந்தத் தேதியில் நடுவது?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நட்டவர்கள் அனுபவத்தை எங்களுக்கும் சொல்லுங்கள். அடுத்தவர்களுக்கு அதுவே பாடமாகும்!